படத்தின் அடியோரத்தில் இருந்தவள்

சேவை நிபந்தனைகள், பதினான்காம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: ஓராண்டுக்கு மேல் எவரும் உள்நுழையாத கணக்கில் உள்ள படங்களை நிறுவனம் அழிக்கலாம்; ஆனால் அழிப்பதற்கு முப்பது நாள் முன்னதாக, பதிவு செய்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

இதை நான் பார்க்காமல் சொல்வேன். படம் பகிரும் தளத்தில் கணக்குத் திறக்கும்போது நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதைத் தொட்ட ஆள் மலேசியாவின் இந்தக் கெடா மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படித்ததோடு நிற்கவில்லை. அச்சடித்து, துளை போட்டு, கோப்பில் கட்டினேன். கணக்கு என் மனைவியுடையது. அவள் பக்கத்தில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னங்க, போட்டோதானே போடப் போறேன்? வீட்டு லோனா எடுக்கப் போறேன்?”

“எதுல கையெழுத்துப் போடுறோம்னு தெரிஞ்சு போடணும்.”

“கல்யாணத்தன்னிக்கு கோயில்ல கையெழுத்துப் போட்டப்போ நான் ஒண்ணுமே படிக்கல லா. படிச்சிருக்கணும்.”

நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். ஒரு கடிதம் உள்ளே வந்தால் அது எந்த மேசைக்குப் போகும், எத்தனை நாள் அங்கே தூங்கும், யார் கையெழுத்துக்குப் பிறகு எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பாக்கார் ஆராங் வரிசை வீடுகளில் என் வயது ஆண்கள் மீன் தொட்டி வைத்தார்கள், சிலர் அரசியல் பேசினார்கள். நான் வலைத்தளம் கட்டக் கற்றுக்கொண்டேன். தயாராகக் கிடைக்கும் டெம்ப்ளேட் எதையும் வாங்காமல், ஒவ்வொரு கோட் வரியையும் கையால் எழுதினேன்.

வலைத்தள வடிவமைப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. யாரும் கேட்டதில்லை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். இன்றைய தளங்கள் பெரும்பாலும் மோசமான கவுன்ட்டர்கள். நுழைந்ததும் குக்கீ வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்று சொல்ல ஒரு பெரிய பொத்தான். வேண்டாம் என்று சொல்ல ஐந்து கதவுகளைத் திறந்துகொண்டு போக வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து. படிக்கக்கூடாது என்றால் எழுதாமலே இருக்கலாம். பட்டியலை மூன்று கோடுகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள், ஏதோ அதைக் காட்டுவது அநாகரிகம் என்பதுபோல. எல்லாவற்றிலும் கொடியது, கீழே இழுக்க இழுக்க முடியாமல் வளரும் பக்கம். கடைசித் தாள் இல்லாத கோப்பை என் மேசைக்குக் கொண்டுவந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என் தளத்தில் வெள்ளைத் தரை, கறுப்பு எழுத்து, நீல இணைப்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய தேதி. பார்வையாளர்கள் குறைவு, அவர்களில் தொலைந்து போனவர் யாரும் இல்லை.

தளத்துக்குப் பொருள் வேண்டுமே. அதற்குத்தான் அவள் படங்கள். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து அவளும் ஓய்வு பெற்றிருந்தாள். சிறிய கேமரா ஒன்று வாங்கினோம். சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு செர்டாங், கோலா கெடா, நடுவில் இருக்கும் தோட்டங்கள் என்று சுற்றுவோம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி எடை மேடையில் ஏறுவது, மழையில் பள்ளி வாசலில் காத்திருக்கும் கார்கள், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஜெனரேட்டர், பூட்டிய கடையின் முன்னால் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு. இவைதான் அவள் எடுத்தவை. கடலையோ மலையையோ எடுக்கச் சொன்னால், “அழகா இருக்கிறத எல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்துட்டாங்க. இத யாரு எடுப்பா?” என்பாள்.

படம் எடுப்பதற்கு நான் அவளுக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லிக் கொடுத்தேன்: சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அவள் அதை விடாமல் கடைப்பிடித்தாள். விளைவு, முக்கால்வாசிப் படங்களில் கீழ் ஓரத்தில் அவள் நிழல் விழுந்தது. தோளில் தொங்கும் கைப்பையோடு, கேமராவைப் பிடித்ததில் இரண்டு முழங்கையும் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டு, ஜாடி மாதிரி ஒரு நிழல்.

செர்டாங் சந்தையில் இதைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது.

“மறுபடியும் உன் நிழல் விழுந்திருக்கு.”

“நீங்கதானே சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும்னு சொன்னீங்க?”

“நிழல் படத்துக்குள்ள வரக்கூடாதுன்னும் சொன்னேன்.”

“சூரியன் பின்னால இருந்தா நிழல் முன்னாலதான் போகும். அத எங்க கொண்டுபோய் வைக்கிறது? கார் பூட்லயா?”

பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டார். என் மனைவி அவருக்கு நேராகக் கேமராவைத் திருப்பி இன்னொன்று எடுத்தாள். அதிலும் நிழல் விழுந்தது.

பகிரும் தளத்தில் அவள் படங்களுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் இதயம் போட்டார்கள். பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒருவர், அந்த நிழலை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று எழுதியிருந்தார். அவள் அதை எனக்கு மூன்று வேளையும் படித்துக் காட்டினாள். அது தொழில்நுட்பக் குறை என்று அவருக்கு நான் பணிவாக விளக்கி எழுதினேன். அவர் பதில் போடவில்லை.

என் தளத்தில் நான் நிழலை வெட்டவில்லை. மறைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. படத்தின் மூலப்பிரதி அவள் கணக்கிலேயே இருக்கும். என் பக்கம் அதை அங்கிருந்து இழுத்து வந்து ஒரு சட்டகத்துக்குள் காட்டும். சட்டகத்தின் உயரத்தைக் குறைத்து, மிஞ்சியதை மறை என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கீழே நிற்கும் நிழல் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது அங்கேயேதான் நிற்கும்.

படங்களை ஏன் என் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். மகனும் கேட்டான். ஆவணப் பிரிவில் நான் வேலை செய்த காலமெல்லாம் காத்த கொள்கை: மூலம் ஒன்று, அது ஓரிடத்தில்; மற்ற இடங்களில் அதற்குச் சுட்டி மட்டும். இரண்டு இடத்தில் மூலம் இருந்தால் எது மூலம் என்ற வழக்கு வரும். அதனால் படங்களை ஏற்றியதும் கேமரா கார்டைத் துடைத்துவிடுவோம். அவள் ஏற்றுவாள், நான் துடைப்பேன். பாத்திரம் கழுவுவதிலும் எங்களுக்குள் அதே ஏற்பாடுதான்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் அதிக நாள் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் கான்டீனில் காப்பி வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது ஒன்றுதான் தெரிந்திருந்தது. இறப்புப் பதிவு, வங்கி, ஓய்வூதியம், காப்புறுதி, கடைசியாகக் கைத்தொலைபேசி எண். ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் உறுதி செய்யப்பட்ட நகலோடு போனேன். தொலைபேசிக் கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண், இப்படி எல்லாப் பத்திரமும் சரியாக அடுக்கிக்கொண்டு வந்தவரை இதுவரை பார்த்ததில்லை என்று, மாமா என்ற பொருளில் ‘பாச்சிக்’ போட்டுச் சொன்னாள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்த பேச்சு குறைவு. அந்தக் கவுன்ட்டர் பெண் சொன்னது புரிந்தது.

ஓர் இடத்துக்கு மட்டும் நான் அறிவிக்கவில்லை. அதே நிபந்தனைகளின் இன்னொரு பிரிவு, கணக்குக்காரர் இறந்ததாகத் தகவல் வந்தால் கணக்கு மூடப்படும் என்கிறது. ஆகவே தகவல் கொடுக்காமல் இருந்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, கொடுக்க வேண்டிய ஓர் அறிவிப்பை வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

காலையில் தேநீரோடு உட்கார்ந்து என் தளத்தைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சில நாள், மறைக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் பார்ப்பேன். சட்டகம் கீழே நீளும். லாரிக்கு முன்னால், கார்களுக்கு முன்னால், ஒற்றைச் செருப்புக்கு முன்னால் அவள் வந்து நிற்பாள். கல்யாணப் படம், அடையாள அட்டைப் படம், மகனின் பட்டமளிப்புப் படம் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் படமெடுப்பவர் சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நிழலில்தான் அவள் பாட்டுக்கு இருந்தாள். பார்த்துவிட்டு வரியைத் திரும்பப் போட்டுவிடுவேன். வடிவமைப்பு வடிவமைப்புதான்.

பார்ப்பது வேறு, உள்நுழைவது வேறு என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கத்திலிருந்து படத்தை இழுத்துப் பார்ப்பதை நிறுவனம் வருகையாகக் கணக்கில் வைப்பதில்லை. தெரிந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அறிவிப்பு மின்னஞ்சலுக்குத்தான் வர வேண்டும். அவள் மின்னஞ்சலை நான் திங்கள்தோறும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் படங்கள் வரவில்லை. இணையக் கோளாறு என்று நினைத்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். படங்கள் இருந்த இடத்தில் கிழிந்த தாள் போன்ற சின்னச் சின்னக் குறிகள், பக்கத்தில் நான் எழுதிய மாற்று உரை. படம் வராவிட்டாலும், பார்வை இல்லாதவர் வந்தாலும், படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்பது நல்ல வடிவமைப்பின் விதி. பெரிய நிறுவனங்களே அதைச் செய்வதில்லை. நான் ஒன்றையும் விடாமல் செய்திருந்தேன்.

“செர்டாங் சந்தை. பலாச்சுளை விற்கும் மேசை.” “எடை மேடையில் லாரி.” “தேவாலயப் படிக்கட்டு. உறங்கும் நாய்.”

ஒரு வரியிலும் நிழல் இல்லை.

மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். போன் செய்தேன்.

“பேக்கப் இருக்குதானேப்பா?”

“மூலம் அங்க இருக்கு.”

“அங்க இல்லன்னுதானே இப்ப சொல்றீங்க? நீங்க எடுத்து வச்ச காப்பி எங்கப்பா?”

நான் கொள்கையை விளக்க ஆரம்பித்தேன். அவன் நடுவில் நிறுத்தவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, “சரிப்பா, சாப்பிட்டீங்களா?” என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

அவள் கணக்குக்குள் நுழைய முயன்றேன். கடவுச்சொல் நான் வைத்ததுதான், ஏற்றுக்கொண்டது. பிறகு, உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்தத் தொலைபேசி? எல்லாப் பத்திரமும் சரியாகக் கொடுத்து நானே ரத்து செய்த எண்ணுக்கு.

அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. அவள் போனபின் முதல் தடவையாக அந்த எண்ணை அழுத்தியிருந்தேன். யாராவது எடுத்தால் என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லை.

“ஹலோ, சியாப்பா?” மலாயில் ஒரு பெண் குரல். நான் தடுமாறித் தமிழில் தொடங்கியதும் அவளும் தமிழுக்கு மாறினாள். “யாரு பேசுறது?”

“இந்த நம்பர் முன்னாடி என் மனைவியோடது. உங்களுக்கு இப்ப ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும். அத மட்டும் படிச்சுச் சொன்னீங்கன்னா…”

“ஓ.டி.பி.யா?”

“ஆமாம்மா.”

“அங்கிள், வயசான குரலா இருக்கேன்னு மரியாதையாச் சொல்றேன். இந்த வேலைய விட்டுட்டு சாமியக் கும்புடுங்க.” வைத்துவிட்டாள்.

அவள் செய்தது முற்றிலும் சரி. அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். மறுபடி அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்ததும், நேரில் வருகிறேன், பத்திரம் கொண்டுவருகிறேன், எங்கே வர வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோலா கெடாவில் ஃபெரித் துறைக்குப் பக்கத்தில் மீ கோரேங் நூடுல்ஸ் கடை போட்டிருப்பதாகச் சொன்னாள். “போலீஸ் பூத் எதிர்லயே இருக்கு. அதையும் சொல்லிடறேன்.”

மறுநாளே போனேன். லங்காவித் தீவுக்குப் போகும் கூட்டம் பெட்டிகளோடு நின்றது. நாற்பது வயது இருக்கும் அவளுக்கு. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன்: இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், என் அடையாள அட்டை, எண்ணை ரத்து செய்த ரசீது. எல்லாவற்றிலும் முத்திரை.

“ஸ்கேமர் யாரும் இவ்வளவு டாக்குமெண்ட் தூக்கிட்டு வரமாட்டான் லா,” என்றாள். பிறகு இறப்புச் சான்றிதழை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். “உக்காருங்க அங்கிள். எதுக்கு அந்த ஓ.டி.பி.?”

“அவ எடுத்த போட்டோ எல்லாம் அதுக்குள்ள இருக்கு.”

என் தொலைபேசியில் கடவுச்சொல்லை அடித்தேன். அவள் தொலைபேசி ஒலித்தது. ஒவ்வோர் இலக்கமாக, பாலர் பள்ளியில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். உள்ளே போனேன். என் மனைவியின் பெயர் மேலே இருந்தது. அதற்குக் கீழே, படங்கள் எதுவும் இல்லை, முதல் படத்தை ஏற்றுங்கள் என்று ஒரு பொத்தான்.

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், இந்தப் பேருல எனக்கு முன்னாடியும் மெசேஜ் வந்துச்சு. இங்கிலீஷ்ல. போட்டோ அழிச்சிருவோம், உள்ள வாங்கன்னு. லிங்க் வேற இருந்துச்சு. நான் ஸ்கேம்னு நெனச்சு…”

“அழிச்சுட்டீங்க.”

“ஒரு தடவ இல்ல அங்கிள். ரெண்டு மூணு தடவ வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அழிச்சேன்.” அவள் கண் கலங்கிவிட்டது. “ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா…”

“யாருக்கம்மா போடுவீங்க? நீங்க செஞ்சதுதான் சரியான முறை. நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்.”

அதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதுதான் முறை. அவள் மீ கோரேங் போட்டுத் தந்தாள், காசு வாங்க மறுத்தாள், முட்டை இரண்டாகப் போட்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்க முடியவில்லை. மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நிறுவனத்துக்கு எழுதினேன். பிரிவு பதினான்கு, உட்பிரிவு இரண்டு. அறிவிப்பு மின்னஞ்சலுக்கு வரவில்லை. குறுஞ்செய்தி மின்னஞ்சல் ஆகாது. ஆகவே அழித்தது நிபந்தனைக்கு முரண். காப்புப் பிரதியிலிருந்து மீட்டுத் தர வேண்டும். நானே பெற்றிருந்தால் பாராட்டியிருக்கக்கூடிய கடிதம். உடனே ஒரு பதில் வந்தது: உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம். அதை எழுதியது இயந்திரம். இரண்டு வாரம் கழித்து நினைவூட்டினேன். முக்கியம் என்று மறுபடியும் இயந்திரம் சொன்னது. மேல்முறையீடு என்று தலைப்பிட்டு அனுப்பினேன். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது.

காத்திருந்த மாதங்களில் மாற்று உரைகளைத் திருத்த உட்கார்ந்தேன். “எடை மேடையில் லாரி. கீழே இடது பக்கம் என் மனைவியின் நிழல், கைப்பையுடன்.” ஞாபகம் இருந்தவரை எழுதினேன். ஞாபகம் இல்லாதவற்றுக்குக் கணக்குப் போட்டேன்: அந்தக் கடை கிழக்குப் பார்த்தது, நாங்கள் போனது காலை, ஆகவே சூரியன் அவளுக்குப் பின்னால், நிழல் நேராகக் கடையை நோக்கி நீளமாக விழுந்திருக்கும். இப்படிப் பல பக்கங்களை முடித்தேன். பிறகு தேவாலயப் படிக்கட்டுப் படம் வந்தது. நாய் மட்டும் நினைவிருக்கிறது. வெயிலா, மேகமா? நிழல் நாயின் மேல் விழுந்ததா, பக்கத்திலா, விழவே இல்லையா? மகனிடம் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. இருந்ததை எழுதாவிட்டால் தவறவிட்டதாகும், இல்லாததை எழுதினால் பொய்ப் பதிவாகும். அந்த ஒரு வரியை நாள் முழுக்க எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் நாய் மட்டும் மிஞ்சியது.

கல்லறைத் திருநாளன்று அவளுக்குப் பூ வைத்துவிட்டு, மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து போனதில் தீப்பெட்டியைத் தீர்த்துவிட்டு வந்தேன். மறுநாள் மின்னஞ்சலைத் திறந்தபோது நிறுவனத்தின் கடிதம் இருந்தது. இந்தத் தடவை எழுதியவர் மனிதர். ஓர் எழுத்துப் பிழை இருந்தது. உட்பிரிவு இரண்டு சென்ற ஆண்டு திருத்தப்பட்டதாம். மின்னஞ்சல் என்பது நீங்கி, முதன்மைத் தொடர்பு என்று ஆனதாம். முதன்மைத் தொடர்பு தொலைபேசி எண். திருத்தம் பற்றிய அறிவிப்பும் அந்த எண்ணுக்கே அனுப்பப்பட்டதாம். படங்கள் காப்புப் பிரதியிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டன, மீட்க வழியில்லை. வருந்துகிறோம்.

நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்தேன். பிழை காண முடியவில்லை. அவர்கள் விதிப்படிதான் செய்திருக்கிறார்கள். என் மேசைக்கு வந்திருந்தால் நானும் கோப்பை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கடிதம் என் பெயருக்கு வரவில்லை. அவள் பெயரைச் சொல்லி, அன்புள்ள என்று தொடங்கியிருந்தது. கடைசிப் பத்தியில், உங்களை வெகு நாளாகக் காணவில்லை, சீக்கிரம் திரும்பி வாருங்கள், ஓராண்டுக்குக் கட்டணமில்லாமல் இடம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அதை அச்சடித்தேன். வந்த கடிதத்தின் வலது மேல் மூலையில், பெற்ற தேதியைப் பெற்றவர் தன் கையால் குறிக்க வேண்டும். குறிக்காத கடிதம் வந்து சேராத கடிதம். பேனாவைத் திறந்து எழுதினேன்: நவம்பர் மூன்று, திங்கட்கிழமை.